கிளச் பெடல் தரைவரை போகிறது: வீட்டிலேயே காற்று எடுக்கலாமா?

உப்புவெளிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது டொயோட்டா 110 கொரோலா, பெற்றோல், கைக் கியர். சில வாரங்களாகக் கிளச் பெடல் இளகிக்கொண்டே வருகிறது. காலையில் முதல் தடவை மிதித்தால் பாதம் தரைவிரிப்பைத் தொடும்வரை எதிர்ப்பே இல்லை. முதலாம் கியர் முரண்டுபிடித்துத்தான் விழுகிறது. ரிவர்ஸ் போட்டால் பற்கள் உரசிக் கத்துகின்றன. இரண்டு மூன்று முறை விரைவாக மிதித்துவிட்டுப் போட்டால் ஒரு குறையும் இல்லாததுபோல் விழுந்துவிடுகிறது. கிளச் ஒயில் கிண்ணத்தைப் பார்த்தேன். மட்டம் கீழ்க்கோட்டுக்கு அருகில் நிற்கிறது.

நகருக்குள் சமதரையில் சமாளித்துவிடலாம். வெள்ளிக்கிழமை திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போகக் கோட்டைக்குள்ளால் ஏறும்போது, முன்னால் வாகன வரிசை நின்று நின்று நகரும் இடத்தில்தான் பயம் பிடிக்கிறது.

ஒரு கராஜில் காட்டினேன். கியர்பொக்ஸை இறக்க வேண்டும், பிளேட், கவர், பெயரிங் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்றார்கள். பொனட்டைத் திறந்தும் பார்க்கவில்லை. அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டபின்தான் இங்கே எழுதுகிறேன். கிளச் ஒயிலுக்குள் காற்றுப் புகுந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டு அண்ணர் சொல்கிறார். அதை வீட்டிலேயே எடுக்க முடியுமா? ஸ்பானர் பிடித்துப் பழக்கம் உண்டு. பிரேக் பாட் நானே மாற்றியிருக்கிறேன். கிளச்சில் கை வைத்ததில்லை.

கிண்ணியா நானா:

தம்பி, அந்தத் தொகைக்குத் தலையாட்டிவிடாதீர்கள். எஞ்சின் சுழற்சியைக் கியர்பொக்ஸுக்குக் கொண்டுபோகும் பிளேட் தேய்ந்தால் கிளச் வழுக்கும். ஏற்றத்தில் மிதித்தால் எஞ்சின் இரையும், வண்டி அதற்கேற்ப ஓடாது. உங்கள் வண்டிக்கு அந்த நோய் இல்லை. கிளச் முழுதாக விடுபடாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது. பெடலில் கால் வைத்த பிறகும் பிளேட் சுற்றிக்கொண்டே இருப்பதால்தான் ரிவர்ஸ் கத்துகிறது. முன்செல்லும் கியர்களுக்கு வேகத்தைச் சமப்படுத்தும் வளையங்கள் இருப்பதால் அவை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ரிவர்ஸுக்குப் பெரும்பாலான பழைய கியர்பொக்ஸ்களில் அது கிடையாது. அதனால் கிளச் கோளாறை முதலில் சொல்வது ரிவர்ஸ்தான்.

பலமுறை மிதித்தால் சரியாகிறது என்றீர்களே, அந்த ஒரு வரியிலேயே குறை ஒயில் பக்கம் இருப்பது தெரிகிறது.

வன்னித்தம்பி:

என் வாகனத்திலும் இதே கதைதான். கிண்ணத்தில் ஒயிலை விட்டுக்கொண்டு ஓடுகிறேன். பெரிய தொந்தரவு இல்லை. இதற்கெல்லாம் மெனக்கெட வேண்டுமா?

பழைய பாஸ்:

வன்னித்தம்பிக்கு முதலில் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். ஒயில் குறைகிறது என்றால் அது எங்கோ வெளியேறுகிறது. அந்தத் தொகுதி மூடியது. எஞ்சின் ஒயில் போல எரிந்து குறையாது. ஒயில் வெளியே வரும் இடுக்கு வழியாகத்தான், பெடல் திரும்பும்போது காற்று உள்ளே போகிறது. விட்டுக்கொண்டே ஓடினால் ஒருநாள் சந்தியில் நடுவழியில் கியர் விழாது. சில வாகனங்களில் கிளச்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே கிண்ணம். கிளச் குழாயைக் கிண்ணத்தின் மேற்பகுதியிலிருந்து எடுத்திருப்பார்கள். ஒயில் இறங்கினால் கிளச் முதலில் சாகும், பிரேக்குக்கு மிச்சம் இருக்கும். அந்த ஏற்பாட்டை நம்பி ஒழுக்கைக் கவனியாமல் விடுவது சரியல்ல.

இனி உப்புவெளித் தம்பிக்கு. காற்று எடுக்க வீட்டில் முடியும். ஆனால் என் வாழ்நாள் முழுக்கக் கராஜில் நின்று பார்த்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்வேன். காற்று தானாகப் பிறப்பதில்லை. அது வந்த வழியைக் கண்டுபிடிக்காமல் காற்றை மட்டும் எடுத்தால் வேலை சில நாள் நிற்கும், பிறகு மறுபடி இதே பெடல். ஆகவே ஸ்பானரை எடுக்குமுன் இவற்றைப் பார்த்து எழுதுங்கள்.

பெடலை மிதித்தால் ஒயிலைத் தள்ளுவது மேல் பம்ப், அந்த ஒயிலின் அழுத்தத்தால் கிளச்சை விடுவிப்பது கீழ் பம்ப். பெடலுக்கு மேலே, மேல் பம்பின் தண்டு உள்ளே நுழையும் இடத்தில் விரலால் தடவிப் பாருங்கள். ஈரமா? கீழே தரைவிரிப்பில் பிசுபிசுப்பு உண்டா? பிறகு கியர்பொக்ஸ் பக்கம் வந்து கீழ் பம்பின் இறப்பர் உறையை மெதுவாக ஒதுக்குங்கள். உள்ளே ஒயில் நிற்கிறதா? இரண்டையும் இணைக்கும் இறப்பர்க் குழாயில் வெடிப்போ வீக்கமோ உண்டா? வீட்டில் ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு அந்தக் குழாயைப் பிடித்துப் பாருங்கள். கைக்குள் உப்பினால் அதுவும் போய்விட்டது.

கடைசியாக, எஞ்சின் ஓடும்போது சமதரையில் பெடலை மிதித்து முதலாம் கியரைப் போட்டு, காலை எடுக்காமல் ஒரு நிமிடம் பிடியுங்கள். முன்னால் யாரும் நிற்க வேண்டாம். வண்டி மெல்ல நகர ஆரம்பித்தால் மேல் பம்பின் உள் இறப்பர் ஒயிலைப் பிடித்துவைக்கவில்லை. வெளியே ஒரு துளி ஈரமும் இல்லாமல் உள்ளுக்குள்ளேயே கிண்ணத்துக்குத் திரும்பிப் போகிறது. காற்று மட்டும் என்றால், பலமுறை மிதித்துப் பிடித்த பெடல் அந்த இடத்திலேயே நிற்கும்.

நெய்தல்:

இடையில் ஒரு சிறு கேள்வி, ஐயா. என்னுடையது ஆல்டோ. காலையில் கியர் கடினமாக விழுகிறது. நானும் காற்று எடுக்க வேண்டுமா?

பழைய பாஸ்:

உங்கள் வாகனத்தில் கிளச்சுக்குக் கம்பிதான் தங்கச்சி, ஒயில் இல்லை. காற்று என்ற பேச்சே வராது. கியர்பொக்ஸ் பக்கம் கம்பியின் முனையில் முறுக்கு நட் இருக்கும். அதில் இறுக்கம் பாருங்கள். அங்கு இடமில்லையென்றால் கம்பி நீண்டு போயிருக்கிறது, மாற்றுங்கள். யாராவது ஆல்டோவுக்குக் கிளச் காற்று எடுத்ததாகப் பற்றுச்சீட்டு தந்தால் காசு கொடுக்க வேண்டாம்.

உப்புவெளிக்காரன்:

பார்த்துவிட்டேன் ஐயா. மேல் பம்ப் பக்கம் எல்லாம் காய்ந்திருக்கிறது, விரிப்பும் காய்ந்திருக்கிறது. பிடித்து வைத்தபோது வண்டி நகரவில்லை. கீழ் பம்பின் உறையை ஒதுக்கியதும் கறுத்த ஒயில் கையில் வழிந்தது. இறப்பர்க் குழாயில் மேற்பரப்பு வெடிப்பு இல்லை, உப்பவும் இல்லை.

கீழ் பம்புக்கு மேலிருந்தே கை எட்டுகிறது. காற்றை வெளியேற்றத் திறக்கும் திருகான நிப்பிள் மட்டும் துருவேறி, மூடியும் இல்லாமல் இருக்கிறது. கடற்கரைக்கு மிக அருகில் வீடு.

கிண்ணியா நானா:

கிடைத்துவிட்டது குற்றவாளி. இனி ஒரு விவாதம் வரும், அதையும் நானே தொடங்கிவைக்கிறேன். பம்புக்குள் இருக்கும் இறப்பர்களை மட்டும் மாற்றும் கிட் போடுவதா, பம்பை முழுதாக மாற்றுவதா? நான் கிட் கட்சி. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து 2025 பெப்ரவரியில் திரும்பத் திறக்கும்வரை நாமெல்லோரும் இருந்ததைப் பழுதுபார்த்தே ஓடினோம். ஒரு இறப்பர் வளையத்தை மாற்றினால் முடியும் வேலைக்கு முழுப் பம்பையும் எறிவது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

பழைய பாஸ்:

நானா சொல்வதில் நியாயம் உண்டு, ஆனால் உள்சுவரைப் பார்த்த பிறகுதான் முடிவு. பிஸ்டனை வெளியே எடுத்து, துணியால் துடைத்து, விளக்கைப் பிடித்து உள்ளே பாருங்கள். கண்ணாடி போல வழவழப்பாக இருந்தால் கிட் போதும். குழிக் குழியாக அரித்திருந்தால் புது இறப்பரையும் அந்தக் குழிகளின் விளிம்பு தின்றுவிடும். கடற்கரை வாகனங்களில், அதுவும் ஒயில் பல வருடம் மாற்றாதவற்றில், குழி இருப்பதைத்தான் அதிகம் கண்டிருக்கிறேன். கிளச்சிலும் ஊற்றுவது பிரேக் ஒயில்தான், அது ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. காற்றிலுள்ள நீராவி இறப்பர்க் குழாயின் சுவர் வழியாகவும் கிண்ணத்தின் மூடி வழியாகவும் சிறிது சிறிதாக உள்ளே சேரும். அந்த நீர் அடியில் இருக்கும் கீழ் பம்பைத்தான் அரிக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒயிலை மாற்றச் சொல்வது இதனால்தான்.

எமெரி கடதாசியால் உள்ளே தேய்த்துக் குழியை எடுத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். தேய்த்தால் துளை பெரிதாகும், இறப்பர் தளரும். வேண்டாம்.

உப்புவெளிக்காரன்:

புதுக் கீழ் பம்பையே வாங்கிவிடுகிறேன். ஒயில் எது வாங்குவது? கடையில் பிரேக் ஒயில் தரங்களான டொட் 3, டொட் 4 இரண்டும் இருக்கின்றன. டொட் 5 என்பது இன்னும் உயர்ந்ததா?

பாலையூற்று:

இது எனக்குத் தெரிந்த பகுதி, நான் எழுதுகிறேன். உங்கள் கொரோலாவுக்கு உற்பத்தியாளர் சொல்வது டொட் 3. டொட் 4 போட்டாலும் கெடுதல் இல்லை. இரண்டும் கிளைக்கோல் வகை, கலக்கலாம். புதிய டொட் 3-இன் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ், டொட் 4-க்கு 230. ஈரம் சேர்ந்தபின் அவை முறையே 140, 155 என்று இறங்கலாம். கிளச்சில் பிரேக் அளவுக்குச் சூடு ஏறாது என்பதால் அந்த வித்தியாசம் இங்கே பெரிதாகத் தெரியாது. போத்தல் முத்திரையோடு இருக்கிறதா என்பதுதான் நம் ஊரில் முக்கியம். திறந்து அலுமாரியில் வைத்த பழைய போத்தலைத் தயவுசெய்து பாவிக்காதீர்கள். சிறிய போத்தலாக வாங்குங்கள்.

டொட் 5 சிலிக்கன் வகை. மற்றவற்றோடு கலக்காது. எண் பெரிது என்று வாங்கிவிட வேண்டாம். டொட் 5.1 வேறு, அது கிளைக்கோல்தான். பவர் ஸ்டியரிங் ஒயில், எஞ்சின் ஒயில் எதுவும் ஒரு துளிகூட உள்ளே போகக் கூடாது. அந்த இறப்பர்கள் கனிம எண்ணெய் பட்டால் உப்பிவிடும். பிறகு மேல் பம்ப், கீழ் பம்ப், குழாய் எல்லாமே போகும்.

வர்ணத்தில் சிந்தினால் துடைத்துவிட்டு நிற்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். வர்ணத்தை உரித்துவிடும். கண்ணில் தெறித்தால் நிறையத் தண்ணீரால் பல நிமிடங்கள் கழுவிவிட்டு வைத்தியரிடம் போங்கள். கண்ணாடி அணிந்துகொண்டே வேலை செய்யுங்கள்.

பழைய பாஸ்:

இப்போது வேலைமுறை. தம்பியின் பக்கத்தில் ஒருவர் பெடலில் இருக்க வேண்டும்.

பழைய நிப்பிளைப் பற்றி இனிக் கவலையில்லை, புதுப் பம்பிலேயே புது நிப்பிள் வரும். ஆனால் பம்புக்குப் போகும் இரும்புக் குழாயின் நட்டில் துரு இருக்கும். முந்திய நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். சாதாரணத் திறந்த ஸ்பானரால் அதைத் திருகினால் மூலை உருண்டுவிடும். குழாயைச் சுற்றிப் பிடிக்கும் வெட்டுள்ள வளைய ஸ்பானர் இருக்கிறது, கடன் வாங்கியாவது அதைக் கொண்டே திருகுங்கள். நெருப்புக் காட்டிச் சூடாக்குவது வேண்டாம். அந்த ஒயில் எரியக்கூடியது.

கிண்ணத்தில் உள்ள கறுத்த ஒயிலை ஊசிக் குழாயால் உறிஞ்சி எடுத்து, உள்ளே துடைத்து, புது ஒயிலால் நிரப்புங்கள். மருந்தகத்தில் சேலைன் குழாய் வாங்குங்கள். தெளிவாக இருப்பதால் குமிழி தெரியும். அதை நிப்பிளில் இறுக்கமாக மாட்டி, மறுமுனையைச் சிறிது ஒயில் உள்ள போத்தலுக்குள் அமிழ்த்துங்கள். முனை எப்போதும் ஒயிலுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

பெடலில் இருப்பவர் மெதுவாக அடிவரை மிதித்து, "பிடித்திருக்கிறேன்" என்று சொல்வார். நீங்கள் நிப்பிளைக் கால் சுற்று திறப்பீர்கள். ஒயிலும் குமிழியும் வரும். ஓட்டம் நிற்குமுன் மூடுவீர்கள். "விடு" என்று நீங்கள் சொன்ன பிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும். நிப்பிள் திறந்திருக்கும்போது பெடல் எழும்பினால் காற்றை உறிஞ்சிக்கொள்ளும், எடுத்ததெல்லாம் வீண். ஆரம்பத்தில் பெடல் தானாக எழும்பாது; கையால் தூக்கிவிடச் சொல்லுங்கள். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

சில முறைக்கு ஒருதடவை கிண்ணத்தைப் பாருங்கள். பம்ப் சிறிதென்றாலும் கிண்ணமும் சிறிது. அடிதெரிய விட்டுவிட்டால் மேலிருந்து காற்றுப் புகும், திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். புது ஒயில் நிறத்தில், குமிழியே இல்லாமல் வரும்வரை செய்யுங்கள். நிப்பிளை அளவாக இறுக்குங்கள். கை முழு பலத்தையும் காட்டினால் முறியும். முடிந்ததும் இறப்பர் மூடியை மறக்காமல் போடுங்கள். நம் கடற்காற்றுக்கு அந்தச் சிறு மூடிதான் காவல்.

கிண்ணியா நானா:

கூடுதலாக ஒன்று. பாஸ் சொன்னதெல்லாம் மேலிருந்து கை எட்டும் வண்டிக்கு. கீழே படுக்க வேண்டிய வாகனம் என்றால், உப்புவெளி, நிலாவெளிப் பக்க முற்றங்கள் மணல். மணலில் ஜக் நிற்காது, மெல்லப் புதையும், சாயும். தடித்த அகலப் பலகை போட்டு, சில்லுகளுக்கு முட்டுக் கொடுத்து, பாரம் தாங்கும் தாங்கிகள் வைத்த பிறகே தலையை உள்ளே நீட்டுங்கள். ஜக்கை மட்டும் நம்பி யாரும் படுக்காதீர்கள். சீமெந்துத் தரை உள்ள நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோவது அதைவிட நல்லது.

நெய்தல்:

பெடல் மிதிக்க ஆளில்லாதவர்கள் என்ன செய்வது? எங்கள் வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி.

பாலையூற்று:

தனியே செய்ய இரண்டு வழிகள் உண்டு. கிண்ணம் நிப்பிளைவிட உயரத்தில் இருக்கிறது. நிரப்பி, மூடியைத் தளர்த்திவிட்டு, நிப்பிளைத் திறந்து வைத்தால் ஒயில் தன் பாரத்திலேயே மெல்லச் சொட்டும். பொறுமை வேண்டும், கிண்ணத்தைவிட்டு அகலக் கூடாது.

எனக்குப் பிடித்தது இரண்டாவது. பெரிய ஊசிக் குழாயில் புது ஒயிலை நிரப்பி, குழாயிலுள்ள காற்றை முழுதாக வெளியேற்றி, நிப்பிள் வழியாகக் கீழிருந்து மேலே மெதுவாகத் தள்ளுவது. காற்று மேலே போக விரும்பும்; அதன் போக்கிலேயே அனுப்புகிறோம். கிண்ணத்தில் முன்கூட்டியே ஒயிலைக் குறைத்து வையுங்கள், இல்லாவிட்டால் நிரம்பி வழிந்து வர்ணத்தைத் தின்னும்.

பழைய பாஸ்:

இரண்டாவதில் எனக்கு ஒரு தயக்கம். பழைய தொகுதியில் அடியில் தேங்கிய கறுத்த மண்டியெல்லாம் மேல் பம்பின் நுண்ணிய துளைக்குத்தான் போகும். முதலில் மேலிருந்து கீழாக ஒயிலை ஓடவிட்டுச் சுத்தம் செய்துவிட்டு, கடைசிக் குமிழிக்கு மட்டும் கீழிருந்து தள்ளினால் நான் ஒத்துக்கொள்வேன்.

பாலையூற்று:

சரியான திருத்தம், ஐயா. அந்த வரிசையிலேயே செய்யட்டும்.

உப்புவெளிக்காரன்:

வேலை முடிந்தது, மனைவி பெடலில் இருந்தார். பழைய பம்பைத் திறந்து பார்த்தேன், பாஸ் சொன்னது போலவே உள்சுவர் முழுக்கக் குழிகள். கிட் போட்டிருந்தால் நிற்காது.

ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறது. ஆனால் ஒரு குறை. குமிழி முற்றாக நின்ற பிறகும் பெடலின் மேற்பகுதியில் கொஞ்சம் பஞ்சுத்தன்மை இருக்கிறது. கிளச்சும் தரைக்கு மிக அருகில்தான் பிடிக்கிறது.

பழைய பாஸ்:

குழாய் மேலே வளைந்து இறங்கும் இடத்தில் ஒரு குமிழி ஒளிந்திருக்கும். பெடலை மிதித்து அனுப்பும் ஒயில் கொஞ்சம், அதனால் அந்தக் குமிழி வளைவைத் தாண்டி நிப்பிளுக்கு வருமுன் பெடல் முடிந்துவிடுகிறது. கிண்ணத்தின் மூடியைத் திறந்து, நிப்பிளை மூடியபடியே, கீழ் பம்பின் தண்டைக் கையால் மெதுவாக உள்ளே தள்ளுங்கள். பிறகு அது தானாக வெளியே வரட்டும். சில முறை செய்யுங்கள். கிண்ணத்தில் சிறு குமிழிகள் எழும்பும். அவை நின்றதும் நிப்பிளில் ஒருமுறை எடுத்து முடியுங்கள். வேகமாகத் தள்ளினால் ஒயில் கிண்ணத்திலிருந்து பீறிடும், கவனம்.

அதோடு பெடலின் வெற்று ஆட்டத்தையும், அதாவது மேல் பம்பைத் தள்ளத் தொடங்குமுன் பெடல் சும்மா நகரும் தூரத்தையும், அளந்து பாருங்கள். உங்கள் வாகனத்துக்கு 5 முதல் 15 மில்லிமீற்றர். கூடினால் பிடிக்கும் இடம் கீழே போகும். ஒன்றுமே இல்லாமல் இறுக்கிவிடவும் கூடாது. மேல் பம்பின் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது, ஒயில் கிண்ணத்துக்குப் போகும் துளை மூடியே இருக்கும், சூடாகும்போது கிளச் தானாக அரைகுறையாக விடுபட்டு வழுக்கத் தொடங்கும். அப்புறம் பிளேட் உண்மையிலேயே போகும்.

உப்புவெளிக்காரன்:

தண்டைத் தள்ளியதும் கிண்ணத்தில் குமிழிகள் வரிசையாக வந்தன. பெடல் இப்போது இறுக்கமாக, முதல் மிதியிலேயே பிடிக்கிறது. வெற்று ஆட்டம் கூடியிருந்தது, மேல் பம்புத் தண்டின் நட்டைத் தளர்த்தி அளவுக்குக் கொண்டுவந்தேன். கோட்டை ஏற்றத்தில் வரிசையில் நின்று பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. ஐயாவுக்கும் நானாவுக்கும் பாலையூற்று அண்ணருக்கும் மனமார்ந்த நன்றி. பழைய ஒயிலை என்ன செய்வது?

பாலையூற்று:

மூடியுள்ள போத்தலில் ஊற்றிப் பெயர் எழுதி, பழைய எஞ்சின் ஒயிலோடு கலக்காமல் தனியாக வையுங்கள். கழிவு ஒயில் சேர்க்கும் சேவை நிலையத்தில் கேட்டுக் கொடுங்கள். முற்றத்து மணலில் மட்டும் ஊற்ற வேண்டாம். உப்புவெளியில் கிணறுகள் ஆழமில்லாதவை, மணல் எதையும் தடுக்காது. ஊற்றியது அயல்வீட்டுக் கிணற்றுக்கும் போகும்.

மூதூர் வான்:

தாமதமாக வந்தேன். எனது வாகனத்தில் கீழ் பம்பே வெளியில் இல்லை, ஒரு குழாய் கியர்பொக்ஸுக்குள் போகிறது, நிப்பிள் மட்டும் வெளியே தெரிகிறது. இதே முறை பொருந்துமா?

பழைய பாஸ்:

காற்று எடுக்கும் முறை பொருந்தும். பெடலை மட்டும் வேகமாக அடிக்கச் சொல்லாதீர்கள், மெதுவாக. உங்கள் பம்ப் கியர்பொக்ஸுக்குள்ளே அதன் சுழல்தண்டைச் சுற்றி வளையமாக இருக்கிறது. பம்பின் தண்டைக் கையால் தள்ளும் வழி உங்களுக்கு இல்லை, அதனால் கடைசிக் குமிழிக்குக் கீழிருந்து ஊசிக் குழாயால் தள்ளுங்கள். கிண்ணத்தில் ஒயில் குறைந்து, வெளியே எங்கும் ஈரமில்லாமல், கியர்பொக்ஸும் எஞ்சினும் சேரும் இடத்தின் அடியில் மட்டும் சொட்டினால் அந்த வளையப் பம்ப் ஒழுகுகிறது. அப்போது கியர்பொக்ஸை இறக்கத்தான் வேண்டும். இறக்கும்போது பிளேட்டையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். சொட்டுகிறதா என்று பார்த்து எழுதுங்கள்.